திங்கட்கிழமை சூப்

விடுப்பு கேட்கும் மனிதனுக்கு சூப் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது எங்கள் அலுவலகம்தான். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் நடுவே எங்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். சரித்திரம் மறந்துவிடக் கூடாதே என்று நானே எழுதி வைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை எங்கள் கணக்காளர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு 'ஊழியர் மகிழ்ச்சிப் பிரிவு'க்கு வந்து நின்றார். தசமப்புள்ளி என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். ஒரு புள்ளி இடம் மாறிவிட்டால் சாப்பாட்டை மறந்து தேடுகிற மனிதர். மகிழ்ச்சிப் பிரிவில் இருப்பது இரண்டு பேர். மேடம் அதிகாரி, நான் உதவியாளன். மகிழ்ச்சி மேடத்தின் பொறுப்பு, மற்றதெல்லாம் என்னுடையது.

"மேடம், உடம்பு நெருப்பாக் கொதிக்குது. அரை நாள் லீவு குடுத்தீங்கன்னா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவேன்."

"வீட்ல யாரு சார் உங்களைப் பாத்துக்குவா?"

"யாரும் பாக்க வேணாம் மேடம். தூங்கினாப் போதும்."

"பாத்தீங்களா, யாருமே இல்லையாம்!" மேடம் என்னைப் பார்த்து உருகினார். "சார், நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்கிட்ட யாராவது லீவு கேப்பாங்களா? உங்களுக்குச் சூடா கொரியன் சூப் வரவழைக்கிறோம். குடிச்சுட்டு ஜம்முனு வேலையைப் பாருங்க."

பக்கத்துத் தெருவில் ஒரு கொரிய உணவகம் இருக்கிறது. அங்கே சூப் மட்டுமே ஏழெட்டு வகை. ஆகவே உடனடியாக 'சூப் தேர்வுக் கூட்டம்' கூட்டப்பட்டது. நோயாளி இல்லாமல் நோயாளியைப் பற்றி முடிவெடுப்பது ஜனநாயகம் ஆகாது என்பதால் அவரையும் அழைத்தோம். ஏசி காற்று நேராக முகத்தில் வந்து விழும் விருந்தினர் நாற்காலியையே அவருக்குக் கொடுத்தோம்.

"கடற்பாசி சூப்னு ஒண்ணு இருக்கு. ஆனா அதைப் பிறந்தநாளுக்குத்தான் குடிப்பாங்களாம்" என்றார் மேடம், செல்பேசியைப் பார்த்து. "சார், இன்னிக்கு உங்களுக்குப் பிறந்தநாளா?"

"இல்ல மேடம்."

"அப்ப அது முறையில்ல. அடுத்தது முழுக்கோழி சூப். நல்லா வெயில் கொளுத்துற நாள்லதான் குடிக்கணும்னு போட்டிருக்கு."

எல்லோரும் சன்னலைப் பார்த்தோம். மழை பெய்துகொண்டிருந்தது.

"டோஃபு சூப்?" என்றார் விற்பனைத் தலைவர்.

"அதுக்குப் பச்சை முட்டையைத் தனியாக் குடுத்து அனுப்புவாங்க. சூப் கொதிக்கும்போது உடைச்சு ஊத்தணுமாம். யார் உடைக்கிறது? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

தசமப்புள்ளி மேசையில் தலை வைத்தபடி, "எனக்கு வெந்நீர் போதும்" என்றார். தீர்மானத்தை வழிமொழிய ஆளில்லாததால் அது தோற்றது.

அப்போதுதான் மேடத்துக்கு ஞானம் பிறந்தது. அலுவலகத்துக்கு எந்தச் சாப்பாடு வாங்கினாலும் இயக்குநரின் கணக்கில்தான் வாங்குவோம். தள்ளுபடிப் புள்ளிகள் அவருக்குச் சேரட்டும் என்கிற பணிவுதான் காரணம். அந்தக் கணக்கைத் திறந்ததும் மேலேயே வாயில் நுழையாத பெயரோடு ஒரு சூப்பின் படம் வந்தது. அடியில், 'திங்கட்கிழமைதோறும் நீங்கள் வாங்குவது'.

எங்கள் இயக்குநரின் திங்கட்கிழமைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாரத்தைத் தியானத்தோடு தொடங்குகிற மனிதர் அவர். விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் உட்கார்ந்திருப்பார். யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. அப்பேர்ப்பட்ட தியானத்துக்குத் துணையான சூப் என்றால் அதன் மகிமையைக் கேட்கவும் வேண்டுமா! வாடிக்கையாளர்களும் கீழே உருகி உருகி எழுதியிருந்தார்கள்: 'செத்தவனை எழுப்பும்', 'தலைவலி போன இடம் தெரியவில்லை'.

ஏகமனதாக முடிவானது.

மதியத்துக்குப் பிறகு சூப் வந்தது. கூடவே வந்த முள்ளங்கியும் முளைப்பயறும் கிம்ச்சி ஊறுகாயும் குழு உறுப்பினர்களுக்குள் நியாயமாகப் பங்கிடப்பட்டன. மூடியின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை நான் உரித்தேன். எலும்புச் சாற்றின் ஆவி அறை முழுக்கப் பரவியது. தசமப்புள்ளி ஒரே ஒரு கரண்டி குடித்திருப்பார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இயக்குநர் சட்டென்று நின்றார். மூக்கு முதலில் திரும்பியது. பிறகு அவர் திரும்பினார்.

"யாருய்யா அது, இங்க ஹேஜங்குக் சூப் குடிக்கிறது?"

அந்தப் பெயரைச் சொல்லப் போய் எங்கள் எல்லோருக்கும் நாக்கு சுளுக்கியிருந்தது. அவர் தன் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் சொன்னார்.

"ராத்திரி மூக்கு முட்டக் குடிச்சவன் போதை தெளியறதுக்குக் குடிக்கிற சூப்புய்யா இது! ஆபீஸா, சாராயக்கடையா?"

எல்லோர் பார்வையும் தசமப்புள்ளியின் மேல் விழுந்தது. கண் சிவந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. எழுந்து நின்றபோது கால் தள்ளாடியது. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"சார், காய்ச்சல் சார். வேணும்னா தொட்டுப் பாருங்க."

"எல்லாக் குடிகாரனும் மறுநாள் இதைத்தான் சொல்வான்."

"சத்தியமா எனக்கு இந்த சூப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார்" என்றார் தசமப்புள்ளி. பிறகு, ஒரு புள்ளி இடம் மாறினாலும் பொறுக்க முடியாத அவருடைய சுபாவம் காய்ச்சலையும் மீறி எழுந்தது. "வாசனையை வச்சே உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

விற்பனைத் தலைவர் கூரையில் எதையோ தேடினார். மேடம் செல்பேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"சார் நிறையப் படிக்கிறவர்" என்றார் மேடம்.

அதோடு வழக்கு முடிந்தது. 'பணியிட ஒழுக்கத்தைக் காக்கும் பொருட்டு' கணக்காளருக்கு மூன்று நாள் பணியிடைநீக்கம், சம்பளம் கிடையாது.

"மூணு நாளும் வீட்லயேதான் இருக்கணுமா சார்?" என்று கேட்டார் தசமப்புள்ளி.

"பின்ன? ஆபீஸ் பக்கமே தலை காட்டக் கூடாது!"

"இப்பவே கிளம்பலாமா?"

"இந்த நிமிஷமே!"

அவர் அவ்வளவு வேகமாகப் பையை எடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டது அரை நாள். கிடைத்தது மூன்று நாள். கருணையில் எங்கள் அலுவலகம் ஒருபோதும் கணக்குப் பார்ப்பதில்லை. சம்பளத்தில் மட்டும்தான் பார்க்கும்.

திங்கட்கிழமை காலை தசமப்புள்ளி தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தார். நான் வாசலில் பார்சலை வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, இது யாருக்கு?"

"டைரக்டருக்கு அண்ணே."

"அடப் பாவமே" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "அவருக்கும் காய்ச்சலா?"

நான் இயக்குநரின் இருட்டறைக்குள் போய்க் கிண்ணத்தை மேசையில் வைத்தேன்.

"கதவைச் சாத்துப்பா" என்று கறுப்புக் கண்ணாடி முனகியது. "வெளிச்சம் மண்டையைப் பிளக்குது."

அழுத்திச் சாத்தினேன். எங்கள் அலுவலகத்தின் ஒழுக்கம் மொத்தமும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. அதன் வாசனை வெளியே வந்துவிடக் கூடாதல்லவா?