பதினேழு மடிப்பில் மாமா

என் அக்கா வீட்டுக்காரரின் முகத்தைப் பதினேழு மடிப்பாக மடித்து மில்லிங் மெஷினில் மாட்டியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்றுதான் செய்தேன் என்று அக்கா இன்றும் நம்புகிறாள்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பட்டறை மாறி, நான் நிலைத்து நின்ற முதல் வேலை அது. மில்லிங் மெஷினில் மேசை முன்னும் பின்னும் நகர, அடியில் வழவழப்பான இரும்புத் தடங்கள் உண்டு; ஸ்லைடு என்போம். இரும்பைச் சீவும்போது தெறிக்கும் சுருள் அதற்குள் போய் அரைத்தால் கோடு விழும், மெஷின் துல்லியம் போய்விடும். முதலாளி அப்போதுதான் ஸ்லைடைச் சரிசெய்திருந்தார். "இன்னொரு கோடு வுழுந்துச்சு, அப்பிடியே ரயிலேறி ஊட்டுக்குப் போய்க்கினே இரு" என்று சொல்லிவைத்திருந்தார்.

அந்த வயதில் என் மூளை எந்நேரமும் வேலை செய்தது (யாரும் கேட்காமலே). அக்கா மகள் காதுகுத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனர் எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. அதில் ஸ்லைடுக்கு ஓர் உறை செய்தால் என்ன? குழந்தை படத்தின் மேல் சூடான சுருள் விழக் கூடாது என்று அதை மட்டும் வெட்டி எடுத்தேன். குழந்தை தாய்மாமனான என் மடியில் உட்கார்ந்திருந்ததால் நானும் கூடவே தப்பித்தேன். மிச்சத்தை ஆர்மோனியத் துருத்தி போல மடித்து, மெஷினில் மாட்டினேன். அச்சடித்த பக்கம் வழுக்கும், சுருள் தங்காது என்று அதையே மேலே வைத்தேன். அந்த மிச்சத்தில் கூலிங் கிளாஸோடு கைகூப்பி நின்றவர்தான் குமரேசன் மாமா.

மாமா பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியில் தரம் சோதிப்பவர். எங்கள் பட்டறைக்கு ஒரு ஆர்டர் வாங்கித் தரும்படி அவரை ஒரு வருடம் நச்சரித்தவன் நான். நான் உறை மாட்டிய மறுநாளே தன் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் வருவது எனக்குத் தெரியும். ஆனால் உறையின் அழகில் மயங்கி, படத்தை மறந்திருந்தேன்.

ஒரு பீஸ் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கைப்பிடியைச் சுற்றினேன். மேசை முன்னால் வந்தது, மாமாவின் முகம் விரிந்தது. மேசை பின்னால் போனது, மாமாவின் நெற்றி மூக்கில் இடித்தது.

மேனேஜர் உறையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "குமரேசன், யாரு இது?"

"தெர்ல சார். எங்கியோ பாத்த மாரி கீது."

அடுத்த சுற்றில் கடைசி மடிப்பும் விரிந்து, 'அன்புடன் வரவேற்கும் குமரேசன்' என்ற எழுத்து வெளியே வந்தது. அதே நேரம் சுடச்சுட ஒரு சுருள் மாமாவின் மீசையில் விழுந்தது. கன்னத்தில் இன்னும் இரண்டு. பொசுங்கல் நாற்றம். உருகிய மடிப்புகள் ஒட்டிக்கொண்டு மேசையைப் பிடித்தன. நான் (பெரிய பலசாலி) முழு பலத்தோடு சுற்ற, உறை கிழிந்து, அதன் மேல் இருந்த சுருளெல்லாம் ஸ்லைடுக்குள் போனது. கறக் என்றது.

முதலாளி குனிந்து பார்த்தார். புதுக் கோடு. "எவன் மூஞ்சிடா இது? துணிய மாத்திக்கினு கெளம்பு" என்றார்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"அது என் மூஞ்சிதான் சார்" என்றார், ஓட்டை விழுந்த தன் மீசையைப் பார்த்தபடி. "இவன் என் மச்சான். மெஷினு கெடக் கூடாதுன்னு ஊட்டு பேனரைக் கொண்டாந்து போட்டுகிறான். புத்திதான் கம்மி. வேலைய வுட்டுத் தூக்காதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வேலை தப்பியது. ஆர்டரும் வந்தது, 'உறையில் ஆள் படம் கூடாது' என்று ஒரு வரி சேர்த்து.

போன மாதம் அதே அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பேனரை இறக்கியதும் மாமா வழக்கம்போலக் கத்திரிக்கோல் கேட்டார். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இப்படித்தான். தன் முகத்தை மட்டும் அளவாக வெட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பந்திக்கு வருவார். அன்று மிச்சத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"எத்துக்கினு போ மச்சான். இதுல தாய்மாமன் மூஞ்சி கீது. நல்லா சூடு தாங்கும்."