வேருக்குக் கூடுதல் பொறுப்பு

அரசு அலுவலகத்தில் செடி வைத்தால் அதற்கு இலை இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத விதி என்பதால் அதை மீறவும் யாருக்கும் வழியில்லை.

தூத்துக்குடியில், துறைமுகச் சாலையை ஒட்டிய கடலோரப் பசுமை மேம்பாட்டுப் பிரிவின் வரவேற்பறைச் சுவரில் ஓர் ஆர்க்கிட் தொங்கியது. ஒரு மரக்கட்டை, அதைப் பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் நீண்ட சாம்பல் நிற வேர்கள், அவ்வளவுதான். கணவாய் மீனைக் காயப் போட்ட மாதிரி இருக்கும். பழைய அதிகாரி ஏதோ மாநாட்டில் பார்த்து மயங்கி வாங்கி வந்தது. எதுவும் குறைவாக இருப்பதே அழகு என்பது அப்போதைய மோஸ்தர். அந்த மோஸ்தரில்தான் பொதுமக்கள் உட்காரும் நாற்காலிகளும் போயின. பிறகு மோஸ்தர் மாறியது, அவரும் சென்னைக்கு மாறினார். ஆர்க்கிட் விஜிலாவின் பொறுப்பில் மிஞ்சியது.

விஜிலா திரேஸ்புரத்துப் பெண், ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். எழுத்தர், தட்டச்சர், தபால் என்று மூன்று காலியிடங்களின் வேலையையும் அவளே பார்த்தாள். காலையில் வந்ததும் வேர்களுக்குத் தண்ணீர் தெளிப்பாள். நனைந்த சாம்பல் மெல்லப் பச்சையாகும். அதைப் பார்த்த பிறகுதான் கணினியைப் போடுவாள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு, புதிய அதிகாரி எபனேசரின் மேசையில் ஒரு கையெழுத்துக்காகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஆண்டுத் தணிக்கை வந்தது. உயிருள்ள அரசு உடைமைகளையும் பார்ப்பார்கள். கண்காணிப்பாளர் வீரபாகு முன்கூட்டியே சுவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏளா விஜிலா, இது எப்ப செத்துச்சு?”

“சாகல சார். இதுக்கு இலை கிடையாது.”

“எப்ப உதிர்ந்துச்சு?”

“உதிரல சார். மொதல்லயே இல்ல.”

“அப்ப செத்த செடியத்தான் வாங்கிருக்கோம்னு சொல்லுதியா? பெரிய எடத்து மேல பழி போடாத. ஒன் பொறுப்புல செத்ததாவே இருக்கட்டும்.”

அரசு உடைமையைச் சாகவிட்டவளை நிரந்தரமாக்க முடியாது. இருவரும் எபனேசரின் அறைக்குப் போனார்கள். எபனேசர் நாசரேத்துக்காரர். குரல் உயர்த்தத் தெரியாதவர். எதையும் பதமாகவே பாழாக்குவார்.

“இலை இல்லாம செடி எப்பிடிம்மா சாப்பிடும்?”

“வேரே பாத்துக்கிடுது சார். மத்த செடியில இலை வெயில்ல ஆக்குறத, இதுல வேர் ஆக்குது.”

எபனேசர் நாற்காலியில் சாய்ந்தார். “இலை வேலைய வேர் பாக்குதுன்னா, கூடுதல் பொறுப்புக்கு ஆர்டர் யாரு குடுத்தா?”

“யாரும் குடுக்கல சார். அதுவா பாக்குது.”

“அதான் தப்பு. இலை இடம் காலியா இருக்குன்னு மேல எழுதினீங்களா?”

“எழுதல சார். எழுதிருந்தா நிரப்பிருப்பாங்க” என்றார் வீரபாகு.

“நம்ம மூணு இடத்துக்கு எழுதி ஏழு வருசமாச்சு சார்” என்றாள் விஜிலா.



“அது வேற கோப்பு” என்றார் எபனேசர்.

விஜிலா கட்டையை எடுத்துவந்து அவர் கண் முன்னால் தண்ணீர் தெளித்தாள். வேர்கள் பச்சையாயின.

“எங்க வீட்டுச் சுவருகூட மழை பேஞ்சா நெறம் மாறும்மா. அதுக்கு உசிரா இருக்கு?”

குழு அமைக்கப்பட்டது. எபனேசரும் வீரபாகுவும்தான் குழு. ‘மேற்படி தாவரம் உயிருடன் உள்ளதா என்ற கேள்விக்குள் செல்லாமல், அது உயிருடன் உள்ளதாகத் தோன்றுவதற்கான நடவடிக்கையைப் போர்க்கால அடிப்படையில் மேற்கொள்ளலாம்’ என்று முடிவாயிற்று.

“ஒங்க கோயில்ல கிறிஸ்மஸ் குடிலுக்கு பிளாஸ்டிக் கொடி கட்டுவாங்கல்லா? மிச்சம் கெடக்குமா?” என்றார் வீரபாகு.

கிடந்தது. இலை மறைத்தால் வேருக்கு வெளிச்சம் போகாது, வெளிச்சம் போகாவிட்டால் பட்டினிதான் என்று விஜிலாவுக்குத் தெரியும். கோப்பு மேசையில் கிடப்பதும் தெரியும். அவளே கட்டினாள். ஓரத்தில் ஒரு வேரை மட்டும் வெளியே விட்டுவைத்தாள்.

“அங்கன ஒண்ணு எட்டிப் பாக்குது பாரு” என்றார் வீரபாகு. அதையும் மூடினாள்.

தணிக்கைக்காரர்கள் இலைவளத்தைப் பாராட்டிவிட்டு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எபனேசர் விஜிலாவின் கோப்பில் கையெழுத்துப் போட்டார். படம் பரவியதில், மரக்கட்டையில் கொடி தொங்கவிடுவது ஊருக்குள் புது மோஸ்தர் ஆயிற்று. பல் டாக்டர் வீட்டம்மா ஒருத்தி ஒரு துண்டு ஒடித்துத் தரச்சொல்லிக் கேட்டு வந்தாள்.

“நட்டா வருமா அண்ணாச்சி?”

“வரும்மா. தண்ணி மட்டும் ஊத்திராதீங்க” என்றார் வீரபாகு.

விஜிலாவுக்குத் தனி மேசை வந்தது. பழைய வேலைகளுக்கு ஷெர்லி என்ற பெண்ணைத் தற்காலிகமாக எடுத்தார்கள். முதல் நாள் துணியோடு சுவர்ப்பக்கம் போனவள் திரும்பி வந்தாள்.

“அக்கா, இலைக்குப் பின்னால வேர் மாதிரி என்னமோ கறுத்துப்போய்ப் பொடிப்பொடியா உதிருது.”

“அத யாரும் பாக்க மாட்டாங்க. நீ இலையத் தொடச்சு விடு. தொடச்சிட்டுத் தபாலப் பாரு. பெறகு டைப்பு, எழுத்து வேல.”

“மூணும் நானா? அதுக்கு ஆர்டர் இருக்காக்கா?”

விஜிலா நாற்காலியில் சாய்ந்தாள்.

“அது வேற கோப்பு” என்றாள்.