ஆளில்லாத வீட்டுக்கு ஒன்பது பேர்

நான் மண்வெட்டி விற்கிறவன். மண்வெட்டி பிடிக்கிறவன் அல்ல. இந்த வித்தியாசம் என் மனைவி றுமைஸாவுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் விளங்கவில்லை.

கண்டி டவுனில் எனக்கொரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. ஊரிலுள்ளவர்கள் இடுப்பை ஒடித்துக்கொள்ளத் தேவையான சாமான்கள் எல்லாம் என்னிடம் கிடைக்கும். வாரத்தில் ஆறு நாள் கதிரையில் உட்கார்ந்து அவற்றை விற்பேன். ஏழாம் நாள் ஞாயிறு. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பப் படுத்தேன் என்றால் பத்து மணிக்கு முன்னால் என்னை எழுப்ப முடியாது. பூமி அதிர்ந்தாலும் மறுபக்கம் திரும்பிப் படுப்பேனே தவிர எழும்ப மாட்டேன். உலகத்தில் என் பெயருக்கு எழுதப்பட்ட ஒரே சொத்து அந்தத் தூக்கம்தான்.

அந்தச் சொத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

எங்கள் வீடு மஹியாவையில். ரோட்டிலிருந்து எண்பத்துமூன்று படி ஏற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மலை. ஒவ்வொரு மழைக்கும் அந்த மலை கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டுக்குக் குடிவருகிறது. மழைத் தண்ணீர் ஓடவேண்டிய பின்கான் முழுக்க மண். போன மாதம் பெய்த மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் குசினிக்குள் அடுப்படி வரை வந்து, றுமைஸாவின் செருப்பை முன்வாசல் வரை பத்திரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனது.

"இங்க பாருங்க. கான் ரொம்பி ஈக்கு."

"பாத்தேன்."

"பாத்தா மண் போவுமா?"

"நாளைக்கு ஒரு கூலியாள அனுப்புறேன்."

"தேவல்ல. டொக்டர் யாருக்கு வேர்க்கணும்டு சொன்ன? கூலியாளுக்கா, உங்களுக்கா?"

சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து அந்த டொக்டர் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக வசிக்கிறார். நான் வாயைத் திறந்தால் றுமைஸா அவரைக் கூப்பிடுவாள்.

"கடையில நிண்டு வேர்க்குதுதானே."

"ஃபேனுக்குக் கீழ இருந்தா வேர்க்குமா? கடையில இருநூறு மண்வெட்டி ஈக்கு. ஒண்ட எடுத்து ஒரு ஞாயித்துக்கெழம கொத்துங்க. கூலியாள் வந்தா நான் வாசல் கேட்ட தெறக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அன்று இரவே நான் தீர்மானித்தேன். மண் போகவேண்டும். என் ஞாயிறும் போகக்கூடாது. கூலியாளும் வரக்கூடாது.

வழி தானாகவே கடைக்குள் நடந்து வந்தது. நடந்து என்றா சொன்னேன்? ஓடி வந்தது. ஜீவன் என்று ஒரு பொடியன், புசல்லாவைப் பக்கத்து ஆள், டவுனில் இன்ஷூரன்ஸ் கொம்பனியில் வேலை. காற்சட்டையும் சப்பாத்துமாக மூச்சிரைக்க வந்து நின்றான்.

"நானா, வெள்ளை பெயின்ட் ரெண்டு டின் குடுங்க. வத்தேகம ரோட்ல பஸ் ஹோல்ட் ஒண்ணு அடிக்கப் போறோம்."

"கொன்ட்ராக்டா?"

"இல்ல நானா, சும்மாத்தான். நாங்க ஒம்பது பேர் ஒரு குழு வச்சிருக்கோம். 'ஓடோடி'னு பேரு. ஞாயித்துக்கிழமை காலையில கண்டிக் குளத்தச் சுத்தி ஓடுவோம். அப்பிடியே ஒரு எடத்துக்கு ஓடிப்போய் ஒரு வேலை செஞ்சு குடுப்போம். திரும்ப ஓடி வந்துருவோம்."

"சல்லி?"

"ஒரு சதம் வாங்க மாட்டோம். ஒடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

என் காது நிமிர்ந்தது. "கான் துப்புரவாக்குவீங்களா?"

"அதுதான் அதிகமா செய்றோம். ஆனா வயசானவங்களா இருக்கணும். வீட்டுல வேலை செய்ய ஆளில்லாதவங்களா இருக்கணும். போன்ல ஒரு போர்ம் நிரப்பினா போதும். ஏன் நானா, யாரும் இருக்காங்களா?"

"தெரிஞ்ச ஒரு கிழவி. பாவம்."

அந்தக் கிழவி என் மாமியார் சகீனா உம்மா. வயது எழுபத்தொன்று. வத்தேகமவில் இளைய மகளோடு இருக்கிறார். அவருக்கு ஒரு குறையும் இல்லை, மூத்த மருமகனைத் தவிர. ஆனால் போர்முக்கு அவர் அளவெடுத்தது போலப் பொருந்தினார். பெயர் போட்டேன். வயது போட்டேன். விலாசத்துக்கு என் வீட்டைப் போட்டேன். போன் நம்பர் கேட்டது. மாமி தெரியாத நம்பரென்றால் தொடவே மாட்டார், அதனால் அவருடைய நம்பரையே போட்டேன். கடைசியில் ஒரு கேள்வி: 'வீட்டில் வேலை செய்யக்கூடியவர்கள் யாராவது உண்டா?'

கொஞ்சம் யோசித்தேன். என்னை நினைத்துப் பார்த்தேன். 'இல்லை' என்று போட்டேன். மனச்சாட்சி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது, அவர்கள் வரப்போகும் ஞாயிறன்று மாமியை என் வீட்டில் நிறுத்த வேண்டும்.

"றுமைஸா, இந்தச் சனிக்கெழம உம்மாவ வரச்சொல்லு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

கறிச்சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டாள்.

"காச்சல் இல்ல."

"ஏன், நான் மாமிய கூப்பிடக்கூடாதா?"

"கூப்பிடலாம். இருவத்திரெண்டு வருசத்துல இதுதான் மொத தரம். அதுதான் பயமா ஈக்கு."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே ஒரு அபாய அறிவிப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு நான் ஒளிவதற்கு ஓர் இடம் வேண்டும். ஜீவனுக்கு என் வீடு தெரியாது, முகம் தெரியும். ஆளில்லாத வீட்டில் என்னைப் போல ஓர் ஆள், அதுவும் எனக்கு இருக்கிற சுற்றளவில், நின்றால் மறைக்க முடியாது. கடைக்குப் போகலாம். ஆனால் ஒன்பது பேர் என் மண்ணை இலவசமாக அள்ளுவதைக் கண்ணால் பார்க்காமல் இருக்க எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வரும் வழியில் முடிவுக்கு வந்தேன். வீட்டோடு ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறது. கடையில் வைக்க இடமில்லாத சாமான்களைப் போடுவேன். பின்கானைப் பார்த்தபடி ஒரு சின்ன யன்னலும் உண்டு. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

ஞாயிறு வந்தது. ஆறு மணிக்கே உடுத்தினேன்.

"தெல்தெனியக்குப் போறேன். ஒரு தோட்டத்துக்காரர் முள்ளுக்கம்பி கேட்டார்."

"போய்ட்டு வாங்க," என்றாள் றுமைஸா. ஒரு பார்சலையும் கையில் தந்தாள். "ரோல்ஸ் ஈக்கு. பசிச்சா தின்னுங்க."

மாமி கதிரையில் உட்கார்ந்தபடி "கவனமா போங்க மகன்" என்றார். அவர் குரலில் இவ்வளவு அன்பை நான் முன்னே கேட்டதில்லை.

இருபது படி இறங்கினேன். சுவரோரமாகச் சுற்றி, வாழைக்குள் புகுந்து, பின்பக்கமாக ஏறி ஸ்டோர் ரூமுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினேன். பாய்ந்தேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மூலையில் பழைய ஸ்பொஞ்ச் மெத்தை இருந்தது. அதன்மேல் தலையணை. அயன் பண்ணின உறை. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு சாய்ந்தேன். இரண்டு ரோல்ஸ் தின்றேன். கண் அயர்ந்தது.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டு விழித்தேன். யன்னலால் பார்த்தேன். மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒன்பது பேர் ஓடி வருகிறார்கள்! எண்பத்துமூன்று படியையும் ஓடியே ஏறியிருக்கிறார்கள். எனக்குப் பார்த்ததிலேயே கால் வலித்தது. முன்னால் ஜீவன். அவனுக்குப் பக்கத்தில் நிலூஷா என்று ஒரு பிள்ளை, குழுவின் போன் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. ஒன்பது பேரும் கானைச் சுற்றி நின்று கையை இடுப்பில் வைத்தார்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. மூன்றாவது ரோல்ஸை எடுத்தேன்.

"உம்மா, சரியான மண்ணுதான்," என்றான் ஜீவன் மாமியிடம். "ஆரம்பிச்சிருவோம். மண்வெட்டியெல்லாம் எங்க இருக்கு?"

ரோல்ஸ் தொண்டையில் நின்றது.

நான் இருபத்தைந்து வருடம் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்தவன். ஓடி வருகிறவன் தோளில் மண்வெட்டி வைத்துக்கொண்டு ஓட மாட்டான் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெறும் கையோடு வருவார்கள். ஆயுதம் வீட்டுக்காரர்தான் கொடுப்பார். அந்த ஆயுதங்கள் அத்தனையும் இப்போது எனக்குத் தலைமாட்டில் சாய்ந்து நின்றன.

"ஸ்டோர் ரூமுல ஈக்கு மகன்," என்றது றுமைஸாவின் குரல். "தட்டத் தேவல்ல. நேரா தெறங்க."

யன்னலைப் பார்த்தேன். என் தலை போகும். மிச்சம் போகாது. கதவு திறந்தது. வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு ஒன்பது முகம் வந்தது.

"ஷிஹாப் நானா!" என்றான் ஜீவன்.

"ஸ்டொக் பாக்குறேன்," என்றேன். ஒரு கையில் ரோல்ஸ். மறு கையில் தலையணை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடையில் என்னை 'முதலாளி' என்று கூப்பிடும் ஊர் இது. நாளைக்கு என்னென்று கூப்பிடுமோ! அந்த நேரத்தில் றுமைஸா முன்னால் வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ட மாப்புள உங்களுக்கு முன்னமே வந்து சாமான் எடுத்துவைக்கப் போன," என்றாள் அவள் சத்தமாக. "இந்த வயசுலயும் எவ்வளவு ஆச பாருங்க. இந்தாங்க, நீங்க பெரிசப் பிடிங்க."

என் மானத்தை அவள் காப்பாற்றினாள். அதற்கு விலை என் கையில் இருந்தது. கடையிலேயே பெரிய மண்வெட்டி.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பிரியமில்லை. நான் கொத்தினேன். அவர்கள் சாக்கில் அள்ளினார்கள். ஒரு சாக்கு நான் சுமந்தால் ஒன்பது பேரும் படியை எண்ணிக்கொண்டு கூடவே இறங்கினார்கள். நான் கொத்தும்போதெல்லாம் நிலூஷா என் முதுகையே பார்த்தபடி நின்றாள்.

"நானா, இடுப்ப வளைக்காதீங்க. முழங்கால மடிங்க."

"முழங்கால் மடிஞ்சா திரும்ப நிமிராது பிள்ள."

"நிமிரும். நாங்க ஒம்பது பேர் இருக்கோம்ல."

மாமி கதிரையைக் கானோரமாகப் போடச்சொல்லி, பிளேன்டீ குடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"மகன், அந்த மூலையில இன்னும் ஈக்கு."

"அது கல் மாமி."

"கல்லுக்குப் பின்னால ஈக்கு."

ஒன்பதரைக்குக் கான் வெளுத்துப்போய்க் கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். சலசலவென்று ஓடி மறைந்தது. ஒன்பது பேரும் கை தட்டினார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் சட்டையைப் பிழிந்தால் இன்னொரு வாளி நிறைந்திருக்கும். றுமைஸா துவாயால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"வேர்க்குதுதானே," என்றாள் மெதுவாக. "இதுக்குத்தான் ரெண்டு வருசமா கத்துற. நீங்க படுத்தே மவுத்தாகிப் போயிடுவீங்களோண்டு எனக்குப் பயம்."

அவள்மீது வரவேண்டிய கோபம் வரவில்லை. ஒரு ஞாயிறுதானே, போகட்டும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு இருக்கிறது.

ஜீவன் போனை நீட்டினான். "வேலை முடிஞ்சிருச்சுனு ஒரு கையெழுத்து நானா. வெரலால போட்டா போதும்."

"மாமியட பேருல ஈக்கிறது. மாமி போடட்டும்."

"இல்ல நானா," என்றாள் நிலூஷா. "புதன்கிழமை நான் உம்மாவுக்கு போன் பண்ணி விசாரிச்சேன். எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்வோம். 'எனக்கு யாருமில்லன்னு எவன் சொன்னான்?'னு உம்மா ஏசினாங்க. அப்புறம் உம்மா சொல்லி றுமைஸா அக்காவே எனக்கு போன் பண்ணினாங்க. அக்கா சொன்னபடி அன்னைக்கே போர்ம திருத்திட்டேன். அதுக்குப் பிறகு தொடவே இல்ல."

மாமி தெரியாத நம்பரைத் தொடுகிறவர்தான் போலும். தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். உதவி தேவைப்படுபவர்: ஷிஹாப், வயது 49. செய்யவேண்டிய வேலை: ஆளைப் படுக்கையிலிருந்து எடுப்பது. எத்தனை தடவை: ஒவ்வொரு ஞாயிறும். என் அளவில் ஒரு மஞ்சள் டீ-ஷர்ட்டை ஜீவன் பையிலிருந்து எடுத்து விரித்தான். அந்த அளவில் டீ-ஷர்ட் கடையில் கிடைக்காது, சொல்லித் தைத்திருக்கிறார்கள்.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். கடைசிக் கேள்விக்கு வந்தேன். 'வீட்டில் வேலை செய்யக்கூடியவர்கள் யாராவது உண்டா?' நான் போட்ட 'இல்லை' அங்கே இல்லை.

ஸ்டோர் ரூமில் ஒளிவதென்று நானே முடிவெடுத்தது வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே அந்த இடத்தில் எழுதியிருந்தது: 'உண்டு, ஒருவர். ஸ்டோர் ரூமில் இருப்பார்.'