வெங்கடபதி வெளிச்சம் பங்கிட்ட கதை

மைத்துனன் மகளுக்குக் கல்யாணம் என்றால் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, பந்தி நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். வெங்கடபதி அதோடு நிற்கவில்லை. வாயைக் கொடுத்தார்.

சிங்காநல்லூரில் அவர் வீட்டு ஹாலிலேயே அது நடந்தது. மைத்துனன் சென்னகிருஷ்ணன் மகள் ஹரிதாவின் பத்திரிகையோடு, ஒரு சாக்குப்பையில் மண்சட்டிகளையும் கொண்டுவந்து இறக்கினான்.

"அக்கா, பாலிகை நீதான் போடோணும். உன்ற கைதான் ராசி" என்றான்.

பாலிகை என்பது மணமேடையில் வைக்கும் முளைப்பயிர். நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, இருட்டில் மூடிவைத்து, மஞ்சளாய், நெடுநெடுவென்று, ஒரே மட்டமாய் வளர்த்துக்கொண்டு போக வேண்டும். மட்டம் கோணினால் சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். பெண் வீட்டுக்காரர்கள் ஆயுசுக்கும் தலைகுனிய அது போதும்.

மனைவி ராமாமணி பதில் சொல்வதற்குள் வெங்கடபதி முந்திக்கொண்டார். "பாலிகைய நான் போடறேன்."

அவர் பம்பு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டின் சின்ன அறையைப் பிடித்து, செடி வளர்க்கும் லைட்டுகளாக வாங்கி மாட்டிவிட்டார். ஜன்னல் வழியே ராத்திரியும் பகலும் ரோஸ் கலர் வெளிச்சம் வழியும். எதிர்வீட்டு சாஜிதா பேகம், "பியூட்டி பார்லர் தொறந்துட்டீங்களாக்கா?" என்று கேட்டே விட்டாள்.

அந்த அறைமேல் ராமாமணிக்கு நெடுநாள் கண். அவளுடைய தையல் மிஷின் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே அகதியாகக் கிடந்தது. ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கினால் மசாலா டப்பா தலையில் விழும்.

"பாலிகைக்கு வெளிச்சம் ஆகாதுங்க" என்றாள் ராமாமணி. "இருட்டுல வெச்சாத்தான் மட்டமா வரும்."

"இருட்டுல வளர்றது பயிரா அம்மணி? சோகை புடிச்ச சீக்காளி! நான் கொண்டாறேன் பாரு, பச்சைப்பசேல்னு, ஸ்கேல் வெச்சு அளந்தாப்பல."

"வரலைன்னா?"

"லைட்டக் கழட்டிப்போட்டு ரூம உனக்குக் குடுத்தர்றேன்."

"வந்துட்டா?"

"மிஷினு, ரூமுன்னு பேச்செடுக்கப்படாது. ஆயுசுக்கும்."

"சரிங்க" என்றாள்.

அவள் அவ்வளவு சுருக்காகச் சரி சொன்னதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவரோ மைத்துனனைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நீள மேசைமேல் சட்டிகள் வரிசையாக ஏறின. "தண்ணி சிந்துனா மேசை ஊறிப்போகுமுங்க" என்று ராமாமணியே ஒரு பழைய பவானி ஜமக்காளத்தைக் கொண்டுவந்து, தரைவரை தொங்கவிட்டு விரித்துக் கொடுத்தாள். தோற்கப்போகிறவளுக்கு இத்தனை பெருந்தன்மையா என்று அவருக்கு மனசு இளகிவிட்டது.

முளை விட்டது. வினையும் விட்டது.

நடுவில் இருந்த சட்டிகளில் பயிர் குட்டையாய், கரும்பச்சையாய், பஸ்கி எடுக்கும் பயில்வான்போல உட்கார்ந்துவிட்டது. ஓரத்துச் சட்டிகளிலோ வெளுத்து நீண்டு, அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிற மாதிரி நடுப்பக்கம் சாய்ந்தது. செல்போனை விளக்கடியில் நீட்டி வெளிச்சத்தை அளந்து பார்த்தார். நடுவில் கொட்டுகிறது, மூலையில் சொட்டுகிறது.

லைட்டை உயர்த்தினார். எல்லாச் சட்டிப் பயிரும் வளர்த்தியில் போட்டி போட்டுச் சாய்ந்தது. இறக்கினார். நுனி கருகிற்று. சுற்றிலும் வெள்ளைத் தெர்மாகோலை நிறுத்தினார். மூலைகளில், சப்பாத்தி சுற்றுகிற வெள்ளிக் காகிதத்தை ஒட்டினார். ஓரத்துச் சட்டியை நடுவுக்கும் நடுச்சட்டியை ஓரத்துக்கும் மாற்றினார். கிழக்கே சாய்ந்திருந்த பயிர் இப்போது மேற்கே திரும்ப, ஒவ்வொன்றும் பாம்பாட்டி முன்னால் நிற்பதுபோல வளைந்து நின்றது.

வெளியே கதவு தட்டப்பட்டது.

"ஏனுங்க, கதவ எதுக்குங்க சாத்தி வெச்சிருக்கீங்க?"

"தொறந்தா வெளிச்சம் வெளிய போயிரும்."

"சித்த எட்டிப் பாக்கறேனுங்க."

"கண்ணு பட்டிரும். போ."

"தம்பி போன்ல கேக்கறானுங்க. மட்டமா வருதுங்களா?"

"வருது வருது."

"என்ன கலருங்க?"

வெங்கடபதி மேசையைப் பார்த்தார். நடுவில் பச்சை, ஓரத்தில் மஞ்சள், நுனியில் பழுப்பு. "பச்சை" என்றார்.

"குரலு ஏனுங்க ஒரு மாதிரி இருக்குது?"

"தெர்மாகோல் தூசி!"

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. கொள்ளுப் பருப்பைக்கூட அவர் தட்டிலேயே ஒதுக்கிவைத்தார். அறை போனால் போகட்டும். ஹரிதா, அவர் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போன குழந்தை. அவள் மணமேடையில் இந்த நொண்டிப் பயிரா? அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். குழந்தை முகம் வாடும். தன் வாய்க்கொழுப்பால் வந்த வினை என்று நினைக்க அவருக்குக் கண் கலங்கியது. ராமாமணியிடம் சொல்லிவிடலாம் என்று கதவுவரை போனார். சமையலறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடியது. திரும்பி வந்துவிட்டார்.

சட்டிகள் மண்டபத்துக்குப் போக வேண்டிய நாள். விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தார். "ஒரு வேலையா போறேன். வந்து நானே சட்டிய எடுக்கறேன். நீ தொட்டுப்போடாதே" என்று சொல்லிவிட்டு, கண்ணில் பட்ட நர்சரி எல்லாம் ஏறி இறங்கினார். "கத்திரி நாத்து இருக்குதுங்க, மொளகா நாத்து இருக்குதுங்க. பாலிகையெல்லாம் ஊட்டுல பொம்பளைங்கதானுங்க போடுவாங்க" என்றார்கள். கடைசி நர்சரி வாசலில் போன் அடித்தது.

"ஏனுங்க, தம்பி கார் வந்துருச்சு. சட்டியெல்லாம் ஏத்தியாச்சுங்க."

"ஏத்திட்டியா? நீ... பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"பாத்துட்டு?"

"ஈரத்துணி போட்டு மூடிட்டேனுங்க. மத்ததெல்லாம் மண்டபத்துல பேசிக்கலாம்."

போன் கட்டானது. அப்படியே பழனிக்குப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

மண்டபத்தில் வாசலை ஒட்டிய தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மேடையில் பெண்கள் கூடிவிட்டார்கள். பவானியில் இருந்து வந்த சம்பந்தியம்மா குனிந்து ஈரத்துணியைப் பிடித்தாள். வெங்கடபதி கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா!"

கண்ணைத் திறந்தார். சட்டி சட்டியாகப் பொன் மஞ்சள். நெட்டுக்குத்தலாக, சீப்பு வைத்து வாரியதுபோல ஒரே மட்டம்.

"மாமா!" என்று சென்னகிருஷ்ணன் ஓடிவந்து அவரை மேடைக்கு இழுத்தான். "எல்லாம் எங்க மாமா லைட்டு போட்டு வளத்துனதுங்க! ஆனா பச்சையா வரும்னீங்களே மாமா?"

உண்மையைச் சொல்ல நல்ல சமயம் அது. சபை மொத்தமும் அவரையே பார்த்தது. அவருக்கு நாக்கு ஊறியது.

"மங்கல காரியத்துக்கு மஞ்சள்தானே மாப்பிள? கடைசியில கலர மாத்திப்போட்டேன். சூட்சுமம் வெளிச்சத்தப் பங்கு போடறதுல இருக்குது. மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவு! அந்த லைட்டு எரியற ஊட்ல ஒண்ணும் கோணாது, பயிரும் சரி, குடும்பமும் சரி!"

சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கூட்டம் கலைந்ததும் அவர் ராமாமணியை ஓரமாக இழுத்தார்.

"எங்க வளத்தே?"

"உங்க மேசைக்கு அடியிலதானுங்க. ஜமக்காளத்துக்கு உள்ள, சாக்குல மிஞ்சுன சட்டியில. அந்த ரூம்புல அங்கமட்டுந்தானுங்க உங்க வெளிச்சம் உழுகல. நீங்க வாக்கிங் போறப்ப தண்ணி தெளிச்சுப்போடுவேன். சபையில சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் அம்மணி!"

"அப்ப உங்க லைட்டுலதான் வளந்துச்சு?"

"...ஆமா."

"அப்பச் சரிங்க. ஜெயிச்சது நீங்கதான். ரூமு உங்களுக்கே."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மானமும் தப்பியது, அறையும் தப்பியது. இப்படி ஒருத்தி எந்த ஜென்மத்துப் புண்ணியமோ என்று நெஞ்சு நெகிழ, முன்வரிசை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நாதஸ்வரம் முழங்கச் சீர்வரிசை வந்தது. பழத்தட்டு, புடவைத்தட்டு, இனிப்புத்தட்டு. அவற்றுக்குப் பின்னால் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, நாலு பேர் தூக்கிவந்தார்கள். அவருடைய லைட்டுகள். ஒன்று பாக்கியில்லை.

வெங்கடபதி துள்ளி எழுந்தார். "இது... இது எப்படி இங்க?"

"காலையில சட்டியோட கழட்டிக் கார்ல ஏத்திட்டனுங்க. அத்தை மாமன் சீரு" என்றாள் ராமாமணி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "நீங்க சபையில இப்படித்தான் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

சம்பந்தியம்மா கண் கலங்கி நின்றாள். "இத்தன ராசியான லைட்டக் குடுக்க யாருக்குங்கண்ணா மனசு வரும்? மாடி ரூம்புலயே மாட்டிப்போடறோமுங்க."

வெங்கடபதி வாயைத் திறந்தார். வேண்டாம் என்றால் அந்த லைட்டில் ஒரு புல்லும் ஒழுங்காக முளைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு, லைட்டுகளில் தானும் ஒரு கை வைத்துத் தூக்கிக் கொடுத்தார். ஹரிதா காலில் விழுந்தாள். ஆசீர்வாதம் செய்தார்.

ராமாமணி அவர் பக்கம் சாய்ந்து, மெல்லக் கேட்டாள்:

"ஏனுங்க, உங்க ரூமு இனி கும்மிருட்டாக் கெடக்குமல்லங்க? தையல் மிஷினுக்கு நேரா, நெழலு உழுகாம ஒரு டியூப்லைட்டு மாட்டிக் குடுத்துப்போடுங்க. வெளிச்சத்தப் பங்கு போட உங்கள உட்டா யாருங்க இருக்கறாங்க?"