தொண்ணூற்றொன்பதாம் கட்டத்துப் பாம்பு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பாம்பு ஏணிப் பலகையில் தொண்ணூற்றொன்பதாம் கட்டத்துப் பாம்பின் தலையை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தது. அவர் அளவு சொன்னார், அவள் வெட்டினாள். நாலு மில்லிமீட்டர் கூடிவிட்டதென்று மறுபடி வெட்டச் சொன்னார்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். ஆட்டத்தைத் திருத்துகிறவர்கள். சீட்டுக்கட்டைக் கொடுத்தால் எண்ணிப் பார்ப்பார்கள், பந்தைக் கொடுத்தால் காற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், நாற்காலி ஆடுகிறதென்று காலுக்கடியில் அட்டையை மடித்து வைப்பார்கள், கடைசியில் "இப்ப ஆடலாம்" என்று நிமிர்வார்கள். அதற்குள் எதிரே ஆட யார் மிஞ்சியிருப்பார்கள்?

இவர் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். ஏறுவதும் இறங்குவதும் சொன்னபடி நடக்க வேண்டும். முதலில் பகடையில் கை வைத்தார். ஆறு குழியுள்ள பக்கம் எடை குறைவாம். எல்லாக் குழியையும் கறுப்பு மெழுகால் அடைத்தார். பிறகு வாரத்துக்கு ஒரு பாம்பாக மறைத்துவந்தார். மிஞ்சியது இந்தப் பெரிய பாம்புதான்.

"தொண்ணூத்தொம்பதாவது மாடியிலேருந்து ஒருத்தன ஏழாவது மாடிக்குத் தள்ளுனா லைசென்ஸப் பிடுங்கிருவாங்க" என்றார். மகள் இயந்திர வடிவமைப்பாளர். தலையாட்டினாள்.

ஞாயிறு தவறாமல் அவரோடு ஆடும் அம்மா, அன்று மாலை இரண்டு முறை உருட்டிவிட்டு எழுந்துகொண்டாள். ஏன் என்று கேட்டார்.

"நீங்க சறுக்கி விழும்போது உங்க மூஞ்சி போற போக்கப் பாக்கத்தான் இத்தன வருஷமா உக்காந்தேன். அதையும் ஒட்டிட்டீங்க."

அவர் தாளைப் பிரித்தார். பாம்பின் தலையும் கூடவே வந்துவிட்டது. ஒட்டு வேலையில் அவ்வளவு சுத்தம். நாளைக்கே புதுப் பலகை வாங்கி வருவதாகவும் அதைத் தொடப்போவதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார். அம்மா நம்பவில்லை, ஆனால் மேஜையைத் துடைத்து வைத்தாள்.

திங்கள் கடைக்கு விடுமுறை. செவ்வாய் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய சட்டைப் பையில் சீட்டு இருந்தது: "பலகை ஒன்று. பாம்புகளைச் சரிபார்க்கவும்."

இப்போது ஞாயிறு மாலைகளில் அம்மா அந்த மேஜை முன் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"உங்கப்பா போகாத கடைக்கு நீயாச்சும் போயிட்டு வாயேன்" என்றாள்.

மகள் நான்கு முறை போய்விட்டாள். ஒரு பலகையில் ஏணி கோணல். ஒன்றில் கட்டங்கள் சம அளவில்லை. மூன்றாவதில் பகடை ஒரு பக்கமாகவே விழுந்தது, கடைக்காரர் முன்னாலேயே அறுபது முறை உருட்டிப் பார்த்துவிட்டாள். நான்காவதில் ஒரு குறையும் இல்லை. அதனால் சந்தேகம் வந்து திரும்ப வைத்துவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த நாலு மில்லிமீட்டர் கூடியது தாளின் நீளத்திலா அகலத்திலா என்று நடுவில் எங்காவது உறுத்தியிருந்தால், தயவுசெய்து நீங்கள் கடைக்குப் போகாதீர்கள். வேறு யாரையாவது அனுப்புங்கள்.

பலகை இன்னும் வாங்கியாகவில்லை. மேஜை துடைத்தபடியே இருக்கிறது.