மூக்கு அண்ணன் ஊதி அணைத்த விளக்கு

கண்ணைக் கட்டி காஞ்சிபுரத்தின் எந்தக் கோயில் வாசலில் இறக்கிவிட்டாலும், அது பெருமாள் கோயிலா சிவன் கோயிலா என்பதோடு, உள்ளே அன்றைக்குப் புளியோதரையா சர்க்கரைப் பொங்கலா என்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் மூக்கு அண்ணன்தான். பெயரை வைத்துப் பெரிய மூக்கை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும்.

வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அவர் தொழில். பழைய மொபெட்டில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கேன், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு நீலப் பிளாஸ்டிக் புனல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இழுத்து ஒரு மூச்சு விடுவார். பேட்டரியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தேவலை. "கடுகு கருகி இருக்குது. காலைல சண்டையாம்மா?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவார்.

நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். பட்டு நெசவுத் தெரு ஒன்றில் செல்வி அக்கா வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்தேன். பார்க்கிற எல்லாவற்றையும் பட்டியல் போடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் மூக்கு அண்ணனின் சட்டங்களையும் ஒரு நாள் நோட்டில் எழுதிவைத்தேன். கட்டில்மேல் எதையும் சார்ஜ் போடக் கூடாது. தலகாணிக்கு அடியில் போடவே கூடாது. ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிவந்து சார்ஜ் போட்டால், படுக்கிற இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் வைக்கக் கூடாது, ஏனென்றால் "ஓடறதுக்கு வழி வேணும்." வீங்கினதை அமுக்கிப் பார்க்கக் கூடாது. கடைசியாக, மூக்கு சொன்னால் முதலில் வெளியே வந்துவிட வேண்டும், சண்டையை வெளியே வந்து போட்டுக்கொள்ளலாம். எங்கள் தொழிற்சாலையில் இதே விஷயத்துக்குத் தடிமனான ஒரு கையேடு இருந்தது. அதைப் பிழிந்தால் இந்த ஐந்துதான் சொட்டும்.

சட்டம் போட்டதோடு நிற்கிற ஆள் இல்லை அவர். எதிர்வீட்டில் ஏனாத்தூர் கல்லூரிக்குப் படிக்கப் போய்வந்த ஒரு பெண் இருந்தாள். அவளுடைய பவர் பேங்க் ஒரு நாள் பூரி மாதிரி உப்பியிருந்தது. மூக்கு அண்ணன் அவர்கள் வீட்டு தோசைத் திருப்பியை வாங்கி, அதன்மேல் பவர் பேங்கை வைத்து, கையை முழு நீளத்துக்கு நீட்டியபடி தெருவின் நடுவே நடந்தார். பின்னால் அந்தப் பெண், அவளுக்குப் பின்னால் ஒரு நாய். தெருக்கோடியில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில் அதை இறக்கிவைத்துவிட்டு, மதியம்வரை காவல் நின்றார்.

"அங்கிள், எனக்கு பஸ் வந்துடும். அத குடுங்க."

"பஸ்ல எடுத்துக்கினு போறியா? அப்பிடியே டிரைவர் கைல குடுத்துடு."

பவர் பேங்க் கடைசிவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த தோசைத் திருப்பியில் அப்புறம் அந்த வீட்டில் யாரும் தோசை சுடவில்லை.

இவ்வளவு பேர் வாங்கிய மூக்குக்கும் ஒரு சறுக்கல் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. தண்ணீர் ஊற்றப் போனவர் வாசலிலேயே நின்று, "பேட்டரி கெட்டுப்போய் கேஸு வருது, எல்லாரும் வெளிய வாங்க" என்றார். கை நிறைய வளையலோடு கர்ப்பிணிப் பெண் முதலில் வந்தாள். பின்னால் நாற்பது பெண்கள் சாப்பாட்டுத் தட்டோடு தெருவுக்கு வந்தார்கள். அரைமணி நேரம் தேடியதில் நாற்றத்தின் பிறப்பிடம் தெரிந்தது. அது முள்ளங்கி சாம்பார். மூடிபோட்ட பெரிய அண்டாவில் காலையிலிருந்து புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிலிருந்து தெருவில் அவருக்கு இரண்டாவது பெயரும் சேர்ந்தது. மொபெட் திரும்பும்போதே, "முள்ளங்கி வர்றாருபா, மூடி வைங்க" என்பார்கள். அவர் சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். நின்று மோந்துவிட்டு, "உங்க வீட்ல இன்னிக்கு உப்புமா" என்று பதில் மரியாதை செய்துவிட்டுப் போவார்.

இந்த நிலையில்தான் செல்வி அக்கா வீட்டுக் கல்யாணம் வந்தது. அக்கா இருபது வருடமாக ஊரார் வீட்டுக் கல்யாணப் புடவைகளை நெய்தவர். இந்த முறை தறியில் இருந்தது சொந்த மகள் கோகிலாவுக்கு. அரக்குப் பட்டு, கரையில் பட்டு மட்டும், முந்தி முழுக்க அசல் வெள்ளியில் பொன்முலாம் பூசிய ஜரிகை. கடைசியாக முந்தியைத்தான் நெய்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்.

தறி இருந்த அறையில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். வெயில் காற்று பட்டால் பாவு நூல் காய்ந்து இழை அறுந்துபோகும். கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டும் என்று இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அதே அறையின் மூலையில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தறிக்கு விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுவார்கள். ஜன்னல் சாத்துவது பட்டுக்கு நல்லது, பேட்டரி வெளிச்சத்துக்கு நல்லது, கற்பூரம் குடும்பத்துக்கு நல்லது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் குற்றம் இல்லை. நானே பட்டியலில் மூன்றுக்கும் சரி போட்டிருப்பேன்.

திங்கட்கிழமை வந்த மூக்கு அண்ணன் அறைக்குள் கால் வைத்ததும் நின்றார். "அழுவுன முட்ட நாறுது."

"எங்க வூட்ல முட்டையே வாங்கறதில்ல" என்றார் செல்வி அக்கா. "வெளிய சாக்கட. எங்களுக்கு ஒரு நாத்தமும் தெரியல."

நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தால் மூக்கு மரத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கும் சாக்கடை என்றுதான் பட்டது. தவிர, படித்தவள் என்ற முறையில் அவரைத் திருத்தவும் செய்தேன். "அண்ணா, சார்ஜ் ஏறும்போது பேட்டரியில வர்றது ஹைட்ரஜன். அதுக்கு வாசனையே கிடையாது."

"அப்பிடியா" என்று என்னையும் ஒரு முறை மோந்துபார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

சந்தேகம் வேண்டாம் என்று புதன்கிழமை, பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய நாளில், எனக்கும் விடுமுறையாக இருந்ததால் மீட்டரை எடுத்துவந்து பேட்டரியை அளந்தேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருந்தது. "நல்லா இருக்குக்கா" என்று சொல்லி, நோட்டிலும் சரி போட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது கீழே ரகளை. செல்வி அக்கா கையில் கற்பூரத் தட்டு. தறிக்கு முன்னால் மூக்கு அண்ணன். அவர் பின்னால் குத்துவிளக்கின் திரியிலிருந்து புகை.

"வெள்ளிக்கெழம வெளக்க வாயால ஊதி அணைக்கிறியே, நீயெல்லாம் மனுசனாய்யா? கல்யாணத்த வெச்சுக்கினு இருக்கறன் வூட்ல."

"ரூம் ஃபுல்லா கேஸு நிக்குது. மொதல்ல ஜன்னல தொறங்கம்மா."

"தொறந்தா பாவு காஞ்சிடும். இழ அறுந்தா நீ வந்து முடி போடுவியா?"

"இழ அறுந்தா முடி போட்டுக்கலாம். கூர அறுந்துக்கினு போனா யாரு முடி போடறது?"

"எங்க வந்தாலும் முள்ளங்கி வாசன உனுக்கு" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பேட்டரி நல்லா இருக்குதா இல்லியா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "புதன்கிழமை அளந்தேன் அண்ணா. நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு துல்லியமாக ஒரு தவறைச் சொன்னதில்லை.

மூக்கு அண்ணன் ஜன்னல் ஓரமாகப் போய்த் திரைக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்றார், பிறகு கேன்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார். "இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்றார் அக்கா. அவர் படியில் இறங்கியபோதுதான் கவனித்தேன், சட்டைப் பையில் புனல் இல்லை. கோபத்தில் எங்கோ விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அணைந்த விளக்கு அபசகுனம் என்று அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு, புதுத் திரி போட்டு, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி ஏற்றினார். கற்பூரமும் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்றார்.

மறுநாள் காலை கீழிருந்து அக்கா கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இறங்கிப் போனேன். தறியில், வெளியே தெரிந்த முந்தி கறுத்துப்போயிருந்தது. பொன் நிறமாக இருக்க வேண்டிய ஜரிகை, அடிப்பிடித்த பால்பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. இரண்டு மூன்று நாளாகவே மங்கல் தெரிந்ததாம், லைட் சரியில்லை என்று நினைத்தாராம்.

"என் பொண்ணு பொடவம்மா இது" என்றார்.

வெள்ளி கறுக்கிறது. முட்டை நாற்றம். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளையே விடை சொல்லிவிடும். மீட்டரை எடுத்துவந்தேன். இப்போது கரண்ட் இருந்தது, இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. பதினாலரையோடு நிற்க வேண்டியது, ஏறக்குறைய பதினாறு வோல்ட் காட்டியது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. பேட்டரியின் பக்கச் சுவர் உப்பியிருந்தது. அருகில் கை கொண்டுபோனாலே தோசைக்கல் மாதிரி அனல். நான் அளந்தது கரண்ட் இல்லாத நாளில். தூங்குகிறவரைப் பார்த்துவிட்டு, இவர் கோபக்காரர் இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

மூக்கு அண்ணன் டீக்கடையில் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கிளாசைக் கீழே வைக்கவில்லை.

"வாசனையே கிடையாதுன்னியே?"

"ஹைட்ரஜனுக்குக் கிடையாதுண்ணா. பேட்டரி கெட்டு அளவுக்கு மேல சார்ஜ் ஏறினா, கூடவே இன்னொண்ணு வரும். ஹைட்ரஜன் சல்பைடு. முட்டை நாத்தமும் வெள்ளி கறுக்கறதும் அதாலதான்."

"பேரு உனுக்குத் தெரியுது" என்று எழுந்தார். "ஆள எனுக்குத் தெரியும்."

வந்தவர் எல்லோரையும் வெளியே அனுப்பினார். அறைக்குள் இருந்த சுவிட்சைத் தொட விடாமல், வாசலில் இருந்த மெயினை அணைத்தார். கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்தார். பேட்டரி ஆறி, நாற்றம் போகும்வரை அதன் ஒயரில் யாரையும் கை வைக்க விடவில்லை. எங்கள் கையேட்டின் வரிசையும் இதேதான்.

ஜன்னல் திரையை ஒதுக்கியபோதுதான் அதைப் பார்த்தோம். மேல்கதவின் இடுக்கில் நீலப் புனல் செருகியிருந்தது. அது இருக்கும்வரை அந்தக் கதவு மூடாது. உயரத்தில் நாலு விரல் சந்து. லேசான ஹைட்ரஜன் மேலே ஏறி, இரவு முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் போயிருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து அக்கா ஏற்றிய விளக்கு ஏன் விளக்காகவே இருந்தது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. அக்கா புனலை உருவி, முந்தானையால் துடைத்து, அவர் சட்டைப் பையில் செருகினார்.

"டீ குடிக்கிறியாய்யா?"

"குடிக்கலாம். பால் லேசா அடிப்புடிச்சிருக்குது, பரவால்ல."

நெய்து சுருட்டித் துணி சுற்றியிருந்த புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே தெரிந்த நாலு விரல் முந்தியும், தறிமேல் கிடந்த ஜரிகை நூல்கண்டும்தான் கறுத்திருந்தன. அதைப் பிரித்துவிட்டு, புது ஜரிகையில் மறுபடி நெய்தார். புது பேட்டரி வெளியே மாடிப்படிக்கு அடியில், நாலு பக்கமும் காற்று வரும் கம்பிக் கூண்டுக்குக் குடிபோனது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மொபெட் வந்தது. "வந்து மோந்து சொல்லுய்யா, வெளக்கு ஏத்தணும்."

கல்யாணத்துக்கான காய்கறிப் பட்டியல் என் பொறுப்பு. முள்ளங்கியை அக்காவே தன் கையால் கோடு போட்டு அடித்தார். மணையில் உட்கார்ந்த கோகிலாவுக்கு அட்சதை போட வந்த மூக்கு அண்ணன், குனிந்து முந்திப் பக்கம் ஒரு மூச்சு இழுத்தார். மண்டபமே பேச்சை நிறுத்திக் காத்திருந்தது. "பட்டு வாசனதான். தாலி கட்டலாம்" என்றார்.

இப்போது வேலை மாறி ஓசூரில் இருக்கிறேன். ஸ்கூட்டரின் பேட்டரியைப் பால்கனியில்தான் சார்ஜ் போடுகிறேன். அதற்கொரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. கதவைத் திற, சுற்றிலும் துணி பேப்பர் இல்லையா பார், தொட்டுப் பார், மோந்து பார். எல்லாவற்றுக்கும் சரி போட்ட பிறகு, கீழே தெருவில் இரண்டு வெள்ளைக் கேனோடு ஒரு மொபெட் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். அது பட்டியலில் இல்லை.