ஈசாக்கு அட்டை இருநூறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் இங்கே நலம். நீங்களும் அண்ணியும் உங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இயந்திரம் கொஞ்சம் பழுதாகியிருந்தால் எனக்கு வருத்தமில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூத்தவர்தான் வேதாகமத்திலிருந்து பெயர் வைப்பது வழக்கம், சரி. அதற்காக, இந்த நாட்டில் ஸ்கேனிலேயே பையன் என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக, பிரசவத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே "ஈசாக்கு" என்று இருநூறு அட்டை அடித்து, பின்பக்கத்தில் "பொருள்: அவன் சிரிக்கிறான்" என்றும் போட்டு அனுப்புவார்களா? நாற்பத்து நான்கு வயதில் உண்டாகியிருக்கிறவளுக்கு இதைவிடக் குத்தல் வேண்டுமா? சிரிக்க ஆள் இல்லாமலா இருக்கிறது? செய்தி சொன்ன அன்று உங்கள் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி பாத்திரம் கழுவும் தண்ணீரில் விழுந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் எங்களைப் பார்த்ததும், துணைக்கு வந்த மகளைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிற பிள்ளை, பையைக்கூட எடுக்காமல் கதவைப் பார்த்து ஓடியது.

அண்ணா, நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். கதையைத் தேடிப் படித்துவிட்டேன். முதிர்ந்த வயதில் பிள்ளை பிறக்கும் என்றதும் ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தார். சாராள் கூடாரத்துக்குள் நின்று சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கேள்வி வந்ததும் பயந்துபோய், தான் சிரிக்கவே இல்லை என்று சாதித்தாள். இல்லை, நீ சிரித்தாய் என்று பதில் வந்தது. சரி, பெயருக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த ஈசாக்கு சிரிக்க என்ன இருந்தது? பெற்ற அப்பாவே கட்டிவைத்துக் கத்தியை எடுத்தார். வயதான காலத்தில் கண் தெரியாமல் சொந்த மகனிடமே ஏமாந்தார். நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்து, "டேய், உன் பாட்டி வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் சொல்லும்போது, பெயரும் சிரிப்பு என்றால் என் பிள்ளை எங்கே போய் நிற்பான்? செய்தி தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை உங்கள் கட்சி. "அப்பா ஆபிரகாம், அம்மா சாராள், மகன் யாக்கோபு, எல்லார் பேரையும் கடவுள் மாத்தினார். இவர் பேர்ல மட்டும் கைவைக்கல. நீ மாத்தப் போறியா?" என்கிறார்.

ஆமாம், மாற்றத்தான் போகிறேன். சிரிப்பு சம்பந்தமில்லாத ஒரு பெயராகப் பார்த்து அனுப்புங்கள். அண்ணிக்கு என் அன்பு. எங்களை உங்கள் ஜெபத்தில் வையுங்கள், அச்சில் வேண்டாம்.

கோபமும் பாசமுமாக,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டினேன். மகளைப் படுக்கச் சொன்ன இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. சத்தம் கேட்டு, வலி கண்டுவிட்டதோ என்று மகள் ஓடிவந்தாள். "ஒண்ணுமில்லடி, நான் சிரிக்கல, இருமினேன்" என்றேன். "இல்லம்மா, நீ சிரிச்ச" என்றாள். அட்டைகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இன்னும் ஐம்பது அடியுங்கள்.